டிவிக்குப் பின்னால் எந்த ஒயர், எந்தத் துளை?

புது டிவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறவர் பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ் ஒயரை மட்டும் சொருகிப் படம் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஓடிடி பார்க்கச் சொருகும் ஸ்டிக், ஹோம் தியேட்டர், லேப்டாப், பழைய டிவிடி பிளேயர் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. பொருந்துகிற துளையில் பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. பார்க்க அச்சாக ஒன்றுபோல் இருக்கும் மூன்று ஹெச்டிஎம்ஐ துளைகளில் ஒன்று மட்டும் ஒலியை வெளியே அனுப்பும். வேறொன்று மட்டும் நொடிக்கு 120 முறை மாறும் 120 ஹெர்ட்ஸ் படத்தை வாங்கும். ஹெட்ஃபோன் துளையும் ஏவி துளையும் ஒரே 3.5 மி.மீ. அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

அதனால் ஒயரைக் கையில் எடுக்கும் முன் டார்ச் அடித்து, ஒவ்வொரு துளைக்கும் அருகே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். டிவி சுவரோடு ஒட்டி இருந்தால் ஃபோனைப் பின்பக்கம் நீட்டி நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் கடையில் ஒயர் கேட்கும்போதும் அந்தப் படம் உதவும்.

சொருகியும் ‘நோ சிக்னல்’ வருவது ஏன்?

ஹெச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின் உண்டு. முதல் 12 பின்களில் படமும் ஒலியும் ஓடுகின்றன. மீதி 7 பின்களின் வேலை பேச்சுவார்த்தை. பாக்ஸையோ ஸ்டிக்கையோ ஆன் செய்ததும் அது 18-ஆம் பின்னில் 5 வோல்ட் அனுப்பும். அதைப் பார்த்து டிவி 19-ஆம் பின்னில் ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் கொடுக்கும். அதன் பிறகு பாக்ஸ், 15, 16 பின்கள் வழியாக டிவியின் விவரத்தைப் படிக்கும்: எந்தத் தெளிவு வரை வாங்கும், எந்த ஒலி வடிவம் புரியும் என்று. கடைசியில் எச்டிசிபி என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் படம் வரும்.

இந்த வரிசையில் எங்கு தடுக்கினாலும் திரையில் ‘நோ சிக்னல்’ அல்லது வெறும் கறுப்பு. ஆகவே கேபிளைக் குறை சொல்லும் முன் டிவி, பாக்ஸ் இரண்டையும் சுவர் சுவிட்சிலேயே அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். முதலில் டிவி, அதில் சரியான இன்புட், அதன் பிறகு பாக்ஸ் என்று ஆன் செய்யுங்கள். பல வீடுகளில் இத்தோடு சரியாகிவிடும். வரவில்லையென்றால் அதே கேபிளை அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே வந்தால் முதல் துளையில் கோளாறு. அங்கேயும் வரவில்லையென்றால் கேபிளை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் துளையையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று கடைசி வரை தெரியாது.

ஸ்டிக்கைப் பொறுத்தவரை இன்னொன்று. மேலே சொன்ன 5 வோல்ட்டை ஸ்டிக்தான் டிவிக்குக் கொடுக்கிறது. அந்தத் துளையிலிருந்து ஸ்டிக்குக்கு மின்சாரம் கிடைக்காது. அதனால்தான் தனியாக ஒரு யுஎஸ்பி ஒயர் வருகிறது. அதை டிவியின் யுஎஸ்பி துளையில் சொருகினால் ஓடத்தான் செய்யும். ஆனால் யுஎஸ்பி 2.0 துளையின் கணக்கு 500 மில்லி ஆம்பியர். ஸ்டிக்கோடு வரும் அடாப்டரோ 1 ஆம்பியர். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென ரீஸ்டார்ட் ஆவது, ‘மின்சாரம் போதவில்லை’ என்ற செய்தி, அப்டேட் பாதியில் நிற்பது எல்லாமே இதனால் வருபவை. தவிர, டிவியை அணைத்தால் பல மாடல்களில் யுஎஸ்பியும் அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்டிக் அடியிலிருந்து பூட் ஆகும். அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

ஸ்டிக் டப்பாவில் விரல் நீளத்துக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிள் இருக்கும். பலரும் அதைப் பிரிக்காமலே போட்டுவிடுகிறார்கள். டிவியின் உலோக முதுகோடு ஒட்டி இருந்தால் வைஃபை திணறும், ரிமோட்டும் தடுமாறும். பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் விழுகிறது, ரிமோட்டின் ப்ளூடூத்தும் அங்கேதான். அந்தக் குட்டி கேபிளைப் போட்டு ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தொங்கவிட்டால் போதும்.

4கே டிவி, 4கே ஸ்டிக், ஆனால் படம் 1080 தெளிவிலேயே வருகிறதா? கேபிளைத் தொடாதீர்கள், டிவியின் மெனுவுக்குள் போங்கள். ஒவ்வொரு துளைக்கும் தனி அமைப்பு இருக்கிறது. சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘ஹெச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘ஹெச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’. வேறு சில டிவிகளில் ‘இடிஐடி வெர்ஷன்’ என்று இருக்கும், 1.4-லிருந்து 2.0-க்கு மாற்ற வேண்டும். பழைய டிவிடி, பழைய செட்டாப் பாக்ஸ் மிரண்டுவிடாமல் இருக்க, கம்பெனியில் இதைக் கீழே வைத்து அனுப்புவதுண்டு.

கேபிள் வாங்கும்போது

‘ஹெச்டிஎம்ஐ 2.1 கேபிள்’ என்று கேட்டு வாங்குகிறோம். எண் கேபிளுக்கு உரியது இல்லை, கருவியின் துளைக்கு உரியது. கேபிளுக்கு உள்ள முறையான பெயர்கள் வேறு: ‘ஹை ஸ்பீட்’, ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’, ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’. பிரீமியம் நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும், 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது தாராளம். அல்ட்ரா 48 கிகாபிட் தாங்கும். பிளேஸ்டேஷன் 5 போன்றவற்றை 4கே 120 ஹெர்ட்ஸில் ஓட்டினால்தான் இது தேவை. அந்தக் கேபிள் கருவியோடு டப்பாவிலேயே வரும். அதை எடுத்து செட்டாப் பாக்ஸுக்குப் போட்டுவிட்டு, பாக்ஸோடு வந்த கேபிளைக் கேமுக்குப் போடுகிற வேலையைச் செய்யாமல் இருந்தால் சரி.

இது டிஜிட்டல் சமாச்சாரம். விலை உயர்ந்த கேபிள் போட்டால் நிறம் பளிச்சென்று ஆகும், கறுப்பு ஆழமாகும் என்று கடையில் சொல்வது வியாபாரம். தங்க முலாம் துருவைத் தடுக்கும், அவ்வளவே. கேபிள் மோசமாக இருந்தால் அது மறைமுகமாக இருக்காது. திரையில் வெள்ளை, பச்சைப் புள்ளிகள் மினுக்கும், சில நொடிகளுக்கு ஒருமுறை படம் போய் வரும், அல்லது அடியோடு வராது. இந்த மூன்றும் இல்லையென்றால் உங்கள் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது.

நீளம்தான் உண்மையான விஷயம். சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே 60 ஹெர்ட்ஸ் 5 மீட்டர் வரை நம்பிக்கையாகப் போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்க வேண்டும். அதற்குத் தலை, வால் உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’ என்றும் மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ அல்லது ‘டிவி’ என்றும் எழுதியிருக்கும். மாற்றிச் சொருகினால் எதுவும் வராது. சுவருக்குள் இழுத்துப் பூசிய பிறகு இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தரையில் விரித்து, இரண்டு பக்கமும் சொருகி, படம் பார்த்துவிட்டு அதன் பிறகு குழாய்க்குள் விடுங்கள்.

குழாய் என்றதும் வீடு கட்டுகிறவர்களுக்கு. எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் பதிக்கும் முக்கால் அங்குலப் பைப்பில் ஹெச்டிஎம்ஐ பிளக்கின் தலை நுழையாது. அந்தத் தலையே சுமார் 20 மி.மீ. அகலம் இருக்கும். ஓர் அங்குலப் பைப்பில் நேராகப் போகும், வளைவில் சிக்கும். டிவி மாட்டும் இடத்திலிருந்து கீழே ஷெல்ஃப் வரை 40 அல்லது 50 மி.மீ. பிவிசி பைப் வையுங்கள். திருப்பத்தில் எல்போ வேண்டாம், நீண்ட பெண்ட் அல்லது இரண்டு 45 டிகிரி வளைவு. உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு வைக்கவும். கரண்ட் ஒயருக்குத் தனிப் பைப்.

ஹோம் தியேட்டரை எப்படி இணைப்பது?

இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள், காரணமும் இருக்கிறது. சவுண்ட்பாரில் ஹெச்டிஎம்ஐ துளை இரண்டு இருந்தால் ஒன்று ‘இன்’, ஒன்று ‘அவுட்’. டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்குக் கொண்டுவர வேண்டும், ஆகவே ‘இன்’ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கேபிள் போக வேண்டியது ‘அவுட்’ துளையில். அதன் பக்கத்தில் ‘டிவி ஆர்க்’ அல்லது ‘இஆர்க்’ என்று இருக்கும். ‘ஆர்க்’ என்பது ஒலி திரும்பி வரும் பாதை. ஹெச்டிஎம்ஐயில் எல்லாம் டிவியை நோக்கித்தான் ஓடும். 2009-இல் வந்த 1.4 பதிப்பில்தான் 14-ஆம் பின் வழியாக ஒலி மட்டும் எதிர்த்திசையில் வர வழி செய்தார்கள். டிவி பக்கமும் ‘ஆர்க்’ என்று எழுதிய அந்த ஒரு துளையில் மட்டுமே சொருக வேண்டும்.

சொருகிய பிறகு டிவியில் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். ஒன்று, ஒலி வெளியீட்டை ‘டிவி ஸ்பீக்கர்’ என்பதிலிருந்து ‘ஹெச்டிஎம்ஐ ஆர்க்’ அல்லது ‘ரிசீவர்’ என்று மாற்றுவது. இரண்டாவது, கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி என்ற கட்டுப்பாட்டை ஆன் செய்வது. இது அந்தப் பெயரில் மெனுவில் இருக்காது. சாம்சங்கில் ‘எனிநெட் பிளஸ்’, எல்ஜியில் ‘சிம்ப்லிங்க்’, சோனியில் ‘பிராவியா சிங்க்’, பிலிப்ஸில் ‘ஈஸிலிங்க்’. இதை அணைத்து வைத்தால் பெரும்பாலான டிவிகளில் ஆர்க் வேலை செய்யாது. செட்டாப் பாக்ஸை ஆன் செய்தால் டிவி தானாக இன்புட் மாறுகிறது என்று எரிச்சல்பட்டு இதை அணைத்திருப்பீர்கள். அப்படியானால் டிவியில் அணைக்காமல், பாக்ஸின் மெனுவில் மட்டும் அணையுங்கள்.

இதெல்லாம் சவுண்ட்பாருக்கு. நம் ஊரில் இன்னும் பல வீடுகளில் இருப்பது சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர் ஆடியோ கடையிலோ அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர். அதில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள்தான் இருக்கும். புது டிவியிலோ ஆர்சிஏ வெளியீடு கிடையாது. வழிகள் மூன்று.

டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் 3.5 மி.மீ.யிலிருந்து இரண்டு ஆர்சிஏவுக்குப் பிரியும் ஒயர் ஒன்று போதும். மிக மலிவு. டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்டீரியோ மட்டும்தான் வரும், ஆனால் பாட்டும் செய்தியும் கேட்க அதுவே ஏராளம்.

ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால் ஆப்டிகல் துளை இருக்கிறதா பாருங்கள். டிவி ஓடும்போது உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். ஆப்டிகல் கேபிளின் இரண்டு முனையிலும் பட்டாணி அளவு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதைக் கழற்றாமல் அழுத்தினால் துளையின் கதவு உடையும். இதிலிருந்து வரும் ஒளியை ஆர்சிஏவுக்கு மாற்ற ‘டாக்’ என்கிற கைக்கடக்கமான டப்பா வேண்டும். அதை மாட்டியும் சத்தம் வரவில்லை, அல்லது ‘கர்ர்’ என்ற இரைச்சல் மட்டும் வருகிறது என்றால் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பாதீர்கள். டிவியில் ‘டிஜிட்டல் ஆடியோ அவுட்’ என்பது ‘ஆட்டோ’ அல்லது ‘டால்பி’யில் நிற்கும். மலிவு டாக்குக்கு டால்பி புரியாது. சுருக்காத ஒலியான ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள். இந்த வழியில் பல டிவிகளில் ரிமோட்டில் சத்தம் குறையாது, ஆம்ப்ளிஃபயரில்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, ஆறு ஸ்பீக்கரிலும் தனித்தனி ஒலி வரும் நிஜமான 5.1 வேண்டும் என்பவர்களுக்கு. சாதாரண அசெம்பிள் செட்டில் ‘புரோலாஜிக்’ போர்டு இரண்டு சேனலை ஆறாகப் பிரித்துக் காட்டும். பின்னால் குண்டு வெடித்தால் பின்னால் கேட்க வேண்டும் என்றால் டால்பி டிகோடர் போர்டு வேண்டும்: ஆப்டிகல் அல்லது ஆர்க் உள்ளே, ஆறு ஆர்சிஏ வெளியே. இப்போது டிவியின் அமைப்பு தலைகீழ். ‘பிசிஎம்’ வைத்தால் வெறும் ஸ்டீரியோதான் போகும். ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ வைக்க வேண்டும். ஓடிடி ஆப்களில் வரும் அட்மாஸ் என்ற சுற்றொலி, டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவத்துக்குள் வருகிறது. ஆப்டிகலில் அது போகாது, ஆர்க் வழியாகப் போகும். ஆகவே டிகோடர் வாங்கும்போது ஆர்க் உள்ளதாக வாங்குவது புத்திசாலித்தனம். ஆர்க் கேபிளில் மலிவு பார்க்க வேண்டாம். சிலவற்றில் அந்த 14-ஆம் பின்னுக்கு ஒயரே இருக்காது. படம் வரும், ஒலி மட்டும் திரும்பாது.

மூன்று நிற ஒயர்

சாதாரண எஸ்டி செட்டாப் பாக்ஸ், பழைய டிவிடி இரண்டும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரில்தான் வேலை செய்யும். மஞ்சள் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது. புது டிவியில் மூன்று துளைக்கு இடமில்லை என்று ‘ஏவி இன்’ என்ற ஒற்றை 3.5 மி.மீ. துளையாக்கிவிட்டார்கள். அதற்கான குட்டி ஒயர் டிவி டப்பாவில் வந்திருக்கும், அல்லது வந்திருக்காது.

கடையில் வாங்கும் ஒயரில் ஒரு கண்ணி இருக்கிறது. பிளக்கின் தண்டில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை அதை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன: இரண்டு ஒலி, ஒரு படம், ஒரு கிரவுண்ட். எந்தத் துண்டு எதற்கு என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை இல்லை. சொருகிப் பார்த்துப் படம் வராமல் ஸ்பீக்கரில் ‘பர்ர்’ என்று வந்தால், ஒலி போக வேண்டிய துண்டில் படம் போகிறது என்று அர்த்தம். மஞ்சளைச் சிவப்பிலும் சிவப்பை மஞ்சளிலும் மாற்றிப் பாருங்கள், பிறகு வெள்ளையில். நிறம் வெறும் பெயிண்ட்தான், உள்ளே மூன்றும் ஒரே மாதிரி ஒயர். மூன்று விதமாக மாற்றியும் வரவில்லையென்றால் கிரவுண்டே இடம் மாறியிருக்கிறது, அந்த ஒயர் உங்கள் டிவிக்கு ஆகாது. கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஆர்சிஏ பிளக்கின் வெளிக் கூடு எந்தத் துண்டோடு ஒட்டுகிறது என்று ‘பீப்’ வைத்துப் பார்த்துவிடலாம். அடித்துண்டா, அதற்கு முந்தைய துண்டா என்பதுதான் கேள்வி.

சில டிவிகளில் பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று ஐந்து துளை இருக்கும், மஞ்சள் இருக்காது. பச்சை வளையத்துக்குள் மஞ்சளும் கலந்து பூசியிருந்தால் அல்லது ‘வீடியோ’ என்றும் எழுதியிருந்தால், மஞ்சள் பிளக் அங்கேதான் போக வேண்டும். ஒலிக்கு, வெள்ளையின் பக்கத்தில் உள்ள சிவப்பு. நீலத்தின் பக்கத்தில் உள்ள சிவப்பு இல்லை.

ஏவி துளையே இல்லாத டிவிக்கு மாற்றி டப்பா வாங்கப் போனால் பெயரைக் கவனியுங்கள். ‘ஏவி டு ஹெச்டிஎம்ஐ’ வேறு, ‘ஹெச்டிஎம்ஐ டு ஏவி’ வேறு. டப்பா, நிறம், துளை எல்லாம் ஒன்றே. ஒரு திசையில் மட்டுமே ஓடும், தனியாக 5 வோல்ட்டும் கொடுக்க வேண்டும். மாற்றியதால் படம் ஹெச்டி ஆகிவிடாது. 576 கோடு உள்ளே போனால் வெளியே வருவதும் அதே 576 கோட்டின் விரிவுதான்.

பென் டிரைவ், லேப்டாப், ஃபோன்

4 ஜிபிக்கு மேற்பட்ட படத்தைப் பென் டிரைவ் ஏற்கவில்லையென்றால் அது ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள். டிவி எதைப் படிக்கும் என்று கையேட்டில் இருக்கும். படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் அந்தக் கோப்பின் ஒலி டிடிஎஸ் என்ற வடிவத்தில் இருக்கும். பல டிவிகளில் அதற்கு உரிமம் கிடையாது.

லேப்டாப்பைச் சொருகிவிட்டு விண்டோஸ் பொத்தானும் ‘பி’யும் சேர்த்து அழுத்தினால் திரையைப் பிரிக்கும் பட்டியல் வரும். டாஸ்க்பார் விளிம்பில் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ ஆக்குங்கள். ஃபோனில் டைப்-சி துளை இருக்கிறது என்பதற்காக டைப்-சி டு ஹெச்டிஎம்ஐ வாங்கிவிட வேண்டாம். அந்தத் துளையில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருந்தால்தான் படம் வெளியே வரும். விலை குறைந்த ஃபோன்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஷாக், இடி

ஆர்சிஏ பிளக்கைச் சொருகும்போது விரலில் சுரீர் என்று உறைப்பது பலருக்கும் தெரிந்ததே. இரண்டு பின் அடாப்டரில் ஓடும் கருவிகளின் உலோகப் பாகத்தில், எர்த் இல்லாததால், லேசான கசிவு மின்னழுத்தம் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆள் மேல் ஆபத்தில்லை. ஆனால் ஆர்சிஏ பிளக்கின் அமைப்பில் நடுப் பின்தான் முதலில் தொடும், கிரவுண்ட் பிறகுதான். கசிவு முழுவதும் ஒரு கணம் டிவியின் உள் சுற்றில் இறங்கும். அதனால் ஆர்சிஏவைச் சொருகும் முன் இரண்டு கருவியையும் சுவர் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். டிவி, பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருப்பது நல்லது.

டிடிஎச் கேபிளைக் கழற்றும்போதும் அப்படியே. மாடியில் உள்ள டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு அதே ஒயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது. பாக்ஸ் ஓடும்போது திருகினால் நடுக் கம்பி ஓரத்தில் உரசி ஷார்ட் ஆகலாம். பிளக்கின் வாயில் பின்னல் வலையின் ஒரு மயிரிழை நடுக் கம்பியைத் தொட்டாலும் சிக்னல் போய்விடும்.

சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி அடைமழையிலும் சர்வீஸ் கடைகளுக்கு வரும் டிவிகளில், கரண்ட் வழியாக அடிபட்டவை மட்டும் இருப்பதில்லை. மாடியிலிருந்து இறங்கும் டிஷ் ஒயர், தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள், செம்பு லேன் ஒயர் மூன்றும் அதிர்ச்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும், பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக அது டிவிக்குப் போகும். ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. வானம் கறுத்தால், முதல் இடி கேட்கும் முன்பே, பவர் பிளக்கோடு அந்த டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். இடி தொடங்கிய பிறகு அந்த ஒயரில் கை வைக்காதீர்கள்.

அடிபட்டுவிட்டால் உடனே ‘போர்டு மாற்ற வேண்டும்’ என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். எல்லா ஹெச்டிஎம்ஐ துளைகளிலும் வேறொரு கருவியைச் சொருகிப் பாருங்கள். ஒரு துளை மட்டும் செத்திருந்தால் பாக்ஸை அடுத்ததற்கு மாற்றிவிட்டு ஓட்டலாம். பாக்ஸின் ஹெச்டிஎம்ஐ போயிருந்தால், ஏவி துளை பிழைத்திருக்கிறதா என்று மூன்று நிற ஒயரைப் போட்டுப் பார்க்கலாம். செத்தது டிவியின் ஆர்க் துளை என்றால் ஆப்டிகலுக்கு மாறுங்கள். அதில் ஓடுவது வெளிச்சம், அந்தக் கேபிள் வழியாக மின் அதிர்ச்சி கடக்காது.